யாருடைய வக்கீல்?



புரட்சியாளர் அம்பேத்கரின் நினைவு நாளில் நாம் கூடுவது அவரைப் புகழ்ந்துவிட்டுக் கலைவதற்காக அல்ல. ஒவ்வோர் ஆண்டும் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு அதை அடிமுதல் நுனிவரை பேசிப் பார்க்கிறோம். இந்த ஆண்டு நாங்கள் எடுத்துக்கொண்ட கேள்வி ஒரு தாய் கேட்டது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாவட்டத்தின் சிறப்பு நீதிமன்ற வாசலில், மகனைத் தாக்கிய வழக்கில் சாட்சி சொல்ல வந்திருந்த ஒரு தாயோடு நாங்கள் நின்றிருந்தோம். உள்ளே போய்விட்டு வெளியே வந்தவர் எங்களிடம் கேட்டார்: "தம்பி, அந்தக் கறுப்புக் கோட்டுக்காரரு நம்ம ஆளா, அவுங்க ஆளா?" அவர் சுட்டிக் காட்டியவர் அரசுத் தரப்பு வழக்கறிஞர். அதாவது அந்தத் தாய்க்காக வாதாட அரசு சம்பளம் கொடுத்து நிறுத்தியவர். வழக்கு நீதிமன்றத்துக்கு வந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அதுவரை இருவரும் ஒருமுறைகூட முகம் பார்த்துப் பேசியதில்லை.

அன்று எங்களால் அந்த அம்மாவுக்கு நேரான பதில் சொல்ல முடியவில்லை. சட்டப்படி அவர் நம் ஆள்தான். ஆனால் அவரை யார் தேர்ந்தெடுத்தார்கள், எதை வைத்துத் தேர்ந்தெடுத்தார்கள், சரியாக நடத்தாவிட்டால் யாரிடம் கேட்பது என்று அந்த அம்மா அடுத்த கேள்வி கேட்டிருந்தால் எங்களில் பாதிப்பேர் விழித்திருப்போம். அந்த அறியாமையைப் போக்கிக்கொள்ள நாங்கள் படித்ததையும் பார்த்ததையும்தான் இங்கே முன்வைக்கிறோம்.

அரசு வக்கீல் என்பவர் யார்?

அரசுக்கும் அரசு நிறுவனங்களுக்கும் அன்றாடம் வழக்குகள் உண்டு. அவற்றை நடத்தச் சம்பளப் பட்டியலில் இருக்கும் சட்ட அலுவலர்கள் மட்டும் போதாது. எனவே வெளியில் தொழில் செய்யும் வழக்கறிஞர்களைக் கட்டணம் கொடுத்து அமர்த்துகிறார்கள். இதில் மூன்று அடுக்குகள் உண்டு.

முதல் அடுக்கு அரசமைப்புச் சட்டப் பதவி. 76ஆவது பிரிவு ஒன்றிய அரசின் தலைமை வழக்கறிஞரையும், 165ஆவது பிரிவு மாநில அரசின் தலைமை வழக்கறிஞரையும் பற்றியது. இரண்டாவது, உயர் நீதிமன்றத்திலும் மாவட்ட நீதிமன்றங்களிலும் அரசுக்காக ஆஜராகும் அரசு வழக்கறிஞர்கள், குற்றவியல் வழக்கறிஞர்கள். மூன்றாவது, பொதுத்துறை நிறுவனங்கள், மாநகராட்சிகள், வாரியங்கள், பல்கலைக்கழகங்கள் தாங்களே வைத்துக்கொள்ளும் வழக்கறிஞர் பட்டியல். 'பேனல்' என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். பேனலில் பெயர் இருப்பவருக்கு மாதச் சம்பளம் இல்லை. வழக்குக்கு இவ்வளவு, ஆஜருக்கு இவ்வளவு என்று கட்டணம். பெரிய வழக்கு என்றால் பேனலுக்கு வெளியே மூத்த வழக்கறிஞரைத் தனியாக அமர்த்துவதும் உண்டு.

நாம் கூடியிருக்கும் இந்தக் கைலாசபுரமே ஒரு பொதுத்துறை நிறுவனத்தின் குடியிருப்பு. 1960களில் திருவெறும்பூர்ப் பக்கம் 'பெல்' கொதிகலன் ஆலை எழுந்தபோது உருவான ஊர். இட ஒதுக்கீட்டின் வழியே நம் முதல் தலைமுறை நிரந்தர வேலையும் மாதச் சம்பளமும் பார்த்தது இத்தகைய ஆலைகளில்தான். ஆகவே பொதுத்துறை என்பது நமக்கு அந்நியமான சொல் அல்ல. அது வக்கீல் வைக்கும்போது செலவாவது பொதுப் பணம், ஒலிப்பது பொது நிறுவனத்தின் குரல் என்று கேட்கும் உரிமை நமக்கு இருக்கிறது.

மேற்பார்வை எங்கே இருக்கிறது?

ஆட்சி மாறினால் அரசு வக்கீல்களும் மாறுவார்கள் என்பது நம் நாட்டில் ஊரறிந்த வழக்கம். இதை நீதிமன்றங்கள் முற்றிலும் கண்டுகொள்ளாமல் விட்டுவிடவில்லை. 1990இல் உத்தரப் பிரதேச அரசு ஒரே சுற்றறிக்கையில் மாநிலம் முழுவதும் இருந்த மாவட்ட அரசு வழக்கறிஞர்கள் அனைவரையும் நீக்கியது. ஸ்ரீலேகா வித்யார்த்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதே ஆண்டில் அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்தது. அரசு வழக்கறிஞர் பணியில் பொதுத்தன்மை இருக்கிறது, தனியார் கட்சிக்காரர் தன் வக்கீலை மாற்றுவதுபோல அரசு மாற்ற முடியாது, 14ஆவது பிரிவு இங்கும் பொருந்தும் என்பதே அதன் சாரம். 2004இல் ஜோஹ்ரி மால் வழக்கில் நீதிமன்றம் சற்றுப் பின்வாங்கியது. இது அரசுப் பதவி அல்ல, தொழில்முறை அமர்த்தல், ஆகவே பணி நீட்டிப்பை யாரும் உரிமையாகக் கோர முடியாது என்றது.

அடுத்து 2016. ஹரியாணா அரசு வேலையே இல்லாத சட்ட அலுவலர்களுக்குப் பணம் கொடுத்து வந்ததைத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் சுட்டிக்காட்டியிருந்தார். பிரிஜேஷ்வர் சிங் சஹால் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை எடுத்துக்கொண்டு, அரசு வழக்கறிஞர் நியமனம் நியாயமாகவும் வெளிப்படையாகவும், தகுதியை எடைபோடும் ஒரு முறையின் வழியாகவும் நடக்க வேண்டும் என்றது. அதையொட்டித் தமிழ்நாடு அரசும் சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் மதுரைக் கிளைக்குமான சட்ட அலுவலர் நியமன விதிகளை 2017இல் வகுத்தது.

இவை நல்ல தீர்ப்புகள், தேவையான விதிகள். ஆனால் இவை எதைக் கண்காணிக்கின்றன என்று கவனியுங்கள். எத்தனை வக்கீல்கள், எவ்வளவு கட்டணம், என்ன தகுதி, எத்தனை ஆண்டு அனுபவம். பணம் வீணாகிறதா என்பதுதான் கேள்வி. அந்த வக்கீல் நீதிமன்றத்தில் எழுந்து நின்று பொது நிறுவனத்தின் பெயரால் என்ன பேசுகிறார், யாருக்கு எதிராகப் பேசுகிறார் என்பதை இந்த மேற்பார்வை தொடுவதில்லை. நம்மைச் சுடுவது அந்தப் பேச்சுதான்.

என்ன பேசினார்கள்?

கையால் மலம் அள்ளுவதற்கு 1993இல் தடைச் சட்டம் வந்தது. அது நடைமுறைக்கு வரவில்லை என்று சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் 2003இல் உச்ச நீதிமன்றம் போனது. அரசுகள் என்ன செய்தன? எங்கள் மாநிலத்தில் அப்படி ஒரு வேலையே இல்லை என்று பல மாநிலங்கள் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தன. இயக்கத் தோழர்கள் ஊர் ஊராகப் போய்ப் புகைப்படம் எடுத்து, கணக்கெடுத்து, பெயர் பெயராக நீதிமன்றத்தில் கொடுக்க வேண்டியிருந்தது. தீர்ப்பு வந்தது 2014 மார்ச் 27 அன்று. ரயில் பாதைகளில் மலம் அள்ளுவதை ஒழிக்கக் காலக்கெடு வைத்துத் திட்டம் போடுமாறு ரயில்வேக்கு அந்தத் தீர்ப்பு சொன்னது. பொன்மலைப் பணிமனையையும் திருச்சி சந்திப்பையும் வைத்தே வளர்ந்த ஊரில் இருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பதினோர் ஆண்டுகள் அந்த 'இல்லை'யைத் தூக்கிச் சுமந்தவர்கள் பொதுப் பணத்தில் அமர்த்தப்பட்ட வழக்கறிஞர்கள். அந்தக் கட்டண ரசீதுகளில் தணிக்கையாளர் ஒரு பிழையும் கண்டிருக்க மாட்டார்.

மும்பை மாநகராட்சியில் ஒப்பந்த முறையில் குப்பை அள்ளிய 2,700 பேரை நிரந்தரத் தொழிலாளர்களாக ஏற்க வேண்டும் என்று தொழில் தீர்ப்பாயம் 2014இல் சொன்னது. மாநகராட்சி மேல்முறையீட்டுக்குப் போனது. 2016இல் உயர் நீதிமன்றத்திலும் 2017இல் உச்ச நீதிமன்றத்திலும் தொழிலாளர் சங்கமே வென்றது. ஒவ்வொரு படியிலும் ஒரு பக்கம் சந்தா திரட்டி வக்கீல் வைத்த சங்கம். மறுபக்கம் மக்கள் வரியில் வக்கீல் வைத்த மாநகராட்சி. அந்த வரியில் குப்பை அள்ளியவர்கள் கொடுத்ததும் அடக்கம்.

எல்லா வழக்கிலும் தொழிலாளி வெல்வதில்லை. 'பெல்' நிறுவனத்தின் ஹரித்துவார் ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளர் தொடுத்த வழக்கில் தொழிலாளர் நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் அவர்கள் பக்கம் நின்றன. 2019இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, அவர்கள் ஒப்பந்ததாரரின் ஆட்களே என்று சொல்லிவிட்டது. ஒரு பொது நிறுவனம் தன் வழக்கை நடத்தக் கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. அதற்கும் வாதிடும் உரிமை உண்டு. எந்த வழக்கை மேலே கொண்டுபோவது, எதை அங்கேயே ஏற்றுக்கொள்வது என்ற முடிவு யாருக்கும் பதில் சொல்லாத ஓர் அறைக்குள் எடுக்கப்படுகிறது என்பதுதான் எங்கள் குறை.

இந்தச் சமமின்மையைச் சட்டம் ஒரு காலத்தில் உணர்ந்தே இருந்தது. 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டத்தின் 36(4) பிரிவு, தொழிலாளர் நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பின் சம்மதமும் நீதிமன்றத்தின் அனுமதியும் இல்லாமல் வழக்கறிஞர் வரக்கூடாது என்றது. பணக்கார முதலாளி பெரிய வக்கீலைக் கொண்டுவந்து தொழிலாளியை அமுக்கிவிடக் கூடாது என்பதே அதன் நோக்கம். அந்தப் பிரிவைத் தாண்ட முடியுமா என்று உச்ச நீதிமன்றம் வரை போன முக்கிய வழக்கில் நிர்வாகத் தரப்பில் இருந்தது எந்தத் தனியார் முதலாளியும் அல்ல. பாரதீப் துறைமுகக் கழகம் என்ற பொது நிறுவனம். 1976 தீர்ப்பின்படி, நிறுவனத்தின் முறையான அலுவலராக இருப்பவர் வழக்கறிஞர் பட்டம் பெற்றவராக இருந்தாலும் அலுவலர் என்ற முறையில் வரலாம்.

பேனலில் யார் இருக்கிறார்கள்?

அரசு வேலை என்றால் இட ஒதுக்கீடு உண்டு. அரசு வக்கீல் பணியை 'பதவி அல்ல, அமர்த்தல்' என்று வகைப்படுத்தியதும் அந்தக் கதவு தானாக மூடிக்கொள்கிறது. ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் கடைநிலை ஊழியர் நியமனத்துக்குச் சுழற்சிப் பட்டியல் உண்டு. அதே நிறுவனம் லட்சக்கணக்கில் கட்டணம் கொடுத்து வைக்கும் வழக்கறிஞர் பேனலுக்கு அப்படி ஒன்று தேவையில்லை என்று ஆகிவிடுகிறது.

இதில் இழப்பு வருமானம் மட்டுமல்ல. உயர் நீதிமன்ற நீதிபதிகளாக உயர்த்தப்படுபவர்களில் அரசு வழக்கறிஞராக இருந்து பெயர் பெற்றவர்கள் கணிசமாக உண்டு. நல்ல வழக்குகள் கைக்கு வந்தால்தான் பெயர். நம் முதல் தலைமுறை வழக்கறிஞர் பிள்ளைகளுக்கு அப்பா வழி அலுவலகமும் இல்லை, மாமா வழிக் கட்சிக்காரர்களும் இல்லை. அரசின் வழக்குக் கட்டுகள் அவர்களுக்கு ஏணியாக இருந்திருக்க முடியும். இப்போது அந்த ஏணி ஏற்கெனவே மாடியில் இருப்பவர்களின் கையில் இருக்கிறது.

வேறு நாட்டில் இதை எப்படிப் பார்க்கிறார்கள்? இங்கிலாந்தில் அரசுக்காக வாதாடும் வெளி வழக்கறிஞர்களைத் திறந்த போட்டியில் தேர்ந்தெடுத்து, அனுபவத்துக்கு ஏற்ப ஏ, பி, சி என்று பட்டியலிடுகிறார்கள். தென்னாப்பிரிக்கா இன்னும் ஒரு படி மேலே போனது. நிறவெறி ஆட்சியில் வாய்ப்பு மறுக்கப்பட்ட சமூகங்களைச் சேர்ந்த வழக்கறிஞர்களுக்கு அரசு வழக்குகளில் எத்தனை சதவீதம், எவ்வளவு மதிப்பில் கொடுக்கப்பட்டது என்று அந்நாட்டு நீதித்துறை அமைச்சகம் கணக்கு வெளியிடுகிறது. அங்கே எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல வரவில்லை. ஆனால் எண்ணிப் பார்த்து அச்சிடுகிறார்கள். நம் ஊரில் அந்த எண்ணையே கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

நம் கையில் இருக்கும் பிடி

இதுவரை சொன்னவற்றில் மக்களுக்குப் பெரிய இடம் இல்லை. நியமிப்பது அரசு, பணம் கொடுப்பது அரசு, மேற்பார்ப்பதும் அரசு. இந்த வரிசையில் ஒரே ஒரு சட்டம் மட்டும் பாதிக்கப்பட்டவரைக் கூப்பிட்டு, 'உனக்கு எந்த வக்கீல் வேண்டும்' என்று கேட்கிறது. அது 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். அதன் 15ஆவது பிரிவும், 1995 விதிகளில் 4ஆவது விதியும் ஒவ்வொரு செயல்பாட்டாளரும் மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டியவை. ஆகவே நிறுத்திச் சொல்கிறோம்.

சிறப்பு நீதிமன்றத்தில் வழக்கு நடத்த, குறைந்தது ஏழு ஆண்டு அனுபவம் உள்ள வழக்கறிஞரைச் சிறப்பு அரசு வழக்கறிஞராக நியமிக்க வேண்டும். ஆட்சியரின் பரிந்துரைப்படி ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு பட்டியல் தயாராகி அரசிதழில் வர வேண்டும். அதன் ஆயுள் மூன்று ஆண்டு.

அந்தப் பட்டியலில் உள்ளவர்கள் எப்படி வழக்கு நடத்துகிறார்கள் என்று ஆட்சியரும் குற்ற வழக்கு தொடர்வுத் துறையும் ஆண்டுக்கு இருமுறை, ஜனவரியிலும் ஜூலையிலும், மறு ஆய்வு செய்து அரசுக்கு அறிக்கை கொடுக்க வேண்டும். உரிய கவனத்தோடு நடத்தவில்லை என்று தெரிந்தால் காரணம் எழுதி, அந்த வழக்கறிஞரின் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கலாம். இதுதவிர வழக்குகளின் நிலை குறித்து மாதந்தோறும் 20ஆம் தேதிக்குள் அறிக்கை போக வேண்டும்.

4ஆவது விதியின் 5ஆவது உட்பிரிவுதான் உயிர்நாடி. பாதிக்கப்பட்டவர் விரும்பினால், பட்டியலுக்கு வெளியே இருந்தும் ஒரு சிறந்த மூத்த வழக்கறிஞரை ஆட்சியர் அமர்த்தலாம். பொருத்தமென்று தாம் கருதும் கட்டணத்தை அவரே முடிவு செய்யலாம். அதாவது அரசு வெளி வக்கீலை வைப்பதில் கட்சிக்காரரான ஏழைத் தாயின் விருப்பத்துக்கு எழுத்தில் இடம் கொடுத்த விதி இது.

2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் 15ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. பிணை உள்ளிட்ட எந்த நடவடிக்கையானாலும் பாதிக்கப்பட்டவருக்கு உரிய நேரத்தில் அறிவிப்புத் தர வேண்டும். வழக்கின் நடப்பைச் சிறப்பு அரசு வழக்கறிஞரோ அரசோ அவருக்குத் தெரிவிக்க வேண்டும். பிணை, விடுவிப்பு, தண்டனை எல்லாவற்றிலும் அவர் பேசலாம், எழுத்து வாதமும் தரலாம். தொண்டு அமைப்புகள், சமூகச் செயல்பாட்டாளர்கள், வழக்கறிஞர்கள் ஆகியோரின் உதவியைப் பெறுவதும் உரிமை. இந்த அறிவிப்பு வெறும் சடங்கல்ல, கட்டாயம் என்று ஹரிராம் பாம்பி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021இல் உறுதி செய்தது.

நீதிமன்ற வாசலில் எங்களைக் கேள்வி கேட்ட அம்மாவின் வழக்கு தொடங்கியபோதே இத்தனையும் சட்டத்தில் இருந்தன. அவருக்கும் தெரியாது. எங்களுக்கும் முழுதாகத் தெரியாது. தெரிந்தவர்கள் சொல்லவில்லை.

வக்கீல் மாறினால் வழக்கு மாறுமா?

1968 டிசம்பர் 25 இரவு வெண்மணியில் 44 உயிர்கள் எரிக்கப்பட்டன. கீழ் நீதிமன்றம் தண்டித்த நிலவுடைமையாளர்களை 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்தது. அந்த வழக்கில் வெண்மணி மக்கள் சாட்சிகள் மட்டுமே. எந்த வக்கீல், என்ன வாதம், மேல்முறையீடு உண்டா இல்லையா என்று எதையும் தீர்மானிக்கும் இடத்தில் அவர்கள் இல்லை. விடுதலைத் தீர்ப்பை எதிர்த்துப் பாதிக்கப்பட்டவர் தாமே மேல்முறையீடு செய்யும் உரிமை குற்றவியல் சட்டத்தில் வந்ததே 2009 இறுதியில்தான்.

இன்னொரு பக்கம் கோகுல்ராஜ் வழக்கு. 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு கோயிலிலிருந்து கடத்தப்பட்ட அந்த இளைஞரின் உடல் மறுநாள் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் கிடந்தது. முக்கியச் சாட்சி பிறழ்ந்தார். வழக்கு நாமக்கல்லிலிருந்து 2019இல் மதுரைச் சிறப்பு நீதிமன்றத்துக்கு மாறியது. தாய் சித்ராவின் கோரிக்கைப்படி மூத்த வழக்கறிஞர் ப.பா.மோகன் சிறப்பு அரசு வழக்கறிஞராக நின்றார். 2022 மார்ச்சில் யுவராஜ் உள்ளிட்ட பத்துப் பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பு வந்தது. 2023 ஜூனில் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. முக்கியச் சாட்சி கைவிட்ட வழக்கை மற்ற ஆதாரங்களைக் கோத்து நிறுத்திய உழைப்பு அது. ஒரு தாய் விடாமல் கேட்டார், அமைப்புகள் துணை நின்றன, வழக்கு நின்றது.

ஆனால் இதை மந்திரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆந்திரத்தின் சுண்டூரில் 1991 ஆகஸ்ட் 6 அன்று நடந்த படுகொலைக்கு, மக்களின் போராட்டத்தால் அந்த ஊரிலேயே சிறப்பு நீதிமன்றம் அமைந்தது. மக்கள் நம்பிக்கை பெற்ற மனித உரிமை வழக்கறிஞர் அரசுத் தரப்பில் வாதாடினார். 2007இல் 21 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. 2014இல் உயர் நீதிமன்றம் அத்தனை பேரையும் விடுவித்தது. நல்ல வக்கீல் கிடைப்பது நீதிக்கு உத்தரவாதம் அல்ல. நல்ல வக்கீல் இல்லாவிட்டால் வழக்கு முதல் படியிலேயே சரிந்துவிடும் என்பது மட்டும் உறுதி.

எதிர்க்கேள்விகள்

இதைப் பேசும்போது மாணவர்கள் கேட்கும் இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிடுகிறோம்.

ஒன்று: அரசு வக்கீல் நீதிமன்றத்தின் அலுவலர், பாதிக்கப்பட்டவரின் கையாள் அல்ல. குற்றம் சாட்டப்பட்டவருக்கும் நியாயமான விசாரணை வேண்டும். பாதிக்கப்பட்டவர் வக்கீலைத் தேர்ந்தெடுத்தால் அது பழிவாங்கல் ஆகாதா? ஆகாது. தேர்ந்தெடுப்பதில் பங்கு உண்டு என்பதால் வாதத்தை ஆட்டிவைக்கும் அதிகாரம் வந்துவிடாது. பொய் வழக்குகளில் சிக்கவைக்கப்படும் நம் இளைஞர்களுக்காக நாமே நியாயமான விசாரணையைக் கேட்டு நிற்கிறோம். அந்த நெறியை நாம் கைவிட முடியாது.

இரண்டு: அரசும் பாதிக்கப்பட்ட மக்களும் எதிரெதிரே நின்றால்? நம் பக்கத்து மாவட்டத்து வேங்கைவயலே உதாரணம். 2022 டிசம்பரில் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. 2025 ஜனவரியில் சிபிசிஐடி குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. அதில் குறிப்பிடப்பட்ட மூவரும் பாதிக்கப்பட்ட அதே சமூகத்தவர். அரசுத் தரப்பு அதையே உயர் நீதிமன்றத்திலும் சொன்னது. மக்கள் அதை ஏற்கவில்லை. இத்தகைய இடத்தில் அரசு வக்கீல் விசாரணை அமைப்பின் வார்த்தையைத்தான் பேசுவார். அப்போது பாதிக்கப்பட்டவருக்குத் தனி வக்கீல் தேவை. அரசுத் தரப்புக்கு உதவியாகத் தம் வழக்கறிஞரை வைத்துக்கொள்ள நீதிமன்றம் அனுமதிக்கலாம் என்ற விதி பழைய குற்ற நடைமுறைச் சட்டத்தில் இருந்தது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்திலும் இருக்கிறது. அந்த உதவியும் போதாதபோது எதிர்த்து மனுப்போட 15ஏ இருக்கிறது.

இனி செய்ய வேண்டியவை

இன்று டிசம்பர். இன்னும் சில வாரங்களில் ஜனவரி. 4ஆவது விதி சொல்லும் மறு ஆய்வு மாதம் அது. அதற்குள் நம்மால் செய்ய முடிந்தவற்றைச் சொல்லி முடிக்கிறோம்.

முதல் வேலை, நம் மாவட்டத்தின் சிறப்பு அரசு வழக்கறிஞர் பட்டியல் எந்தத் தேதியில் அரசிதழில் வந்தது, மூன்று ஆண்டு முடிந்துவிட்டதா, கடந்த ஜூலையில் மறு ஆய்வு நடந்ததா, அறிக்கை போனதா என்று 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஆட்சியர் அலுவலகத்துக்கு மனுப்போடுவது. பத்து ரூபாய்ச் செலவு. சட்டம் படிக்கும் மாணவர்கள் இதை ஒரு மாலையில் எழுதிவிடலாம்.

அடுத்தது, மாவட்ட விழிக்கண் மற்றும் கண்காணிப்புக் குழு. 17ஆவது விதிப்படி ஆட்சியர் தலைமையில் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது அது கூட வேண்டும். அதில் பட்டியல் சாதி, பழங்குடிச் சமூகங்களைச் சேர்ந்த அலுவலர் அல்லாத உறுப்பினர்கள் உண்டு. அவர்கள் யார் என்று தேடிக் கண்டுபிடியுங்கள். தீருதவித் தொகை வந்ததா என்று கேட்பதோடு கூட்டம் முடிந்துவிடுகிறது. விடுதலையில் முடிந்த ஒவ்வொரு வழக்கிலும் அரசு வக்கீல் என்ன செய்தார், மேல்முறையீடு ஏன் போகவில்லை என்ற கேள்வியை அவர்கள் வழியாக நிகழ்ச்சி நிரலில் ஏற்றுங்கள்.

மூன்றாவது, வழக்கு பதிவான அன்றே பாதிக்கப்பட்ட குடும்பத்திடம் 4(5) பற்றிச் சொல்லுங்கள். சாட்சிகள் பிறழ்ந்த பிறகு வக்கீலை மாற்றக் கேட்பது வெள்ளம் போன பிறகு அணை போடுவது. மனுவை ஆட்சியரிடம் கொடுத்து ஒப்புகை வாங்கி வையுங்கள். மறுத்தால் உயர் நீதிமன்றம் போக அந்தக் காகிதம்தான் ஆதாரம்.

நான்காவது, பொதுத்துறை நிறுவனங்களிலும் மாநகராட்சியிலும் இருக்கும் நம் ஊழியர் அமைப்புகளுக்கு. பேனலில் எத்தனை பேர், அதில் நம்மவர் எத்தனை பேர், தொழிலாளருக்கு எதிரான மேல்முறையீடுகளில் எவ்வளவு கட்டணம் போனது என்று கேளுங்கள். வக்கீல் கொடுத்த சட்ட ஆலோசனையை ரகசியம் என்று மறுக்கலாம். பொதுப் பணத்தில் கொடுத்த தொகை எப்படி ரகசியமாகும் என்று முதல் மேல்முறையீட்டிலும் தகவல் ஆணையத்திலும் வாதிடுங்கள். கையில் எண்கள் வந்தால்தான் ஒதுக்கீட்டுக் கோரிக்கைக்கு எலும்பு வரும்.

தோழர்களே, மகாடின் சவுதார் குளத்தைத் தீண்டப்படாதவர்களுக்கும் திறந்து நகராட்சி 1924இல் தீர்மானம் போட்டது. தீர்மானம் காகிதத்தில் இருந்தது. 1927இல் மக்கள் போய்த் தண்ணீரைத் தொட்டதும், அது தனியார் குளம் என்று சாதி இந்துக்கள் வழக்குப் போட்டார்கள். பிரதிவாதிகளாக நின்றவர்கள் அம்பேத்கரும் அவர் தோழர்களும். பம்பாய் உயர் நீதிமன்றத்தில் வெற்றி கிடைத்தது 1937இல். பத்தாண்டுகள். ஒரு பொது அமைப்பு எழுதிவைத்த உரிமையை நீதிமன்றத்தில் நின்று காப்பாற்ற ஆள் வேண்டும் என்பதை, லண்டனில் 1922இல் பாரிஸ்டர் ஆகித் திரும்பிய அந்த மனிதர் நமக்குச் செய்து காட்டியிருக்கிறார்.

எல்லாச் சேரியிலும் ஒரு பாரிஸ்டர் இருக்க முடியாது. ஆனால் 4ஆவது விதியைப் படித்த ஒருவர் இருக்க முடியும். அடுத்த முறை நீதிமன்ற வாசலில் ஒரு தாய் "அவரு நம்ம ஆளா?" என்று கேட்டால், "ஆமாம்மா, நீங்க கேட்டு வாங்கின ஆளு" என்று நாம் பதில் சொல்ல வேண்டும். ஜனவரிக் கூட்டத்துக்கு முன் மனுக்களோடு சந்திப்போம்.

ஜெய்பீம்.